இந்திராநகரிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி: பகட்டு வாழ்க்கையிலிருந்து விலக நினைப்பவர்களுக்கு

பெங்களூரு மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் இந்திராநகருக்கு அடுத்த ஸ்டேஷன் அல்சூர். போர்டில் ஹலசூரு என்றிருக்கும். ரயிலில் இரண்டு மூன்று நிமிடம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஒழுங்காகச் செய்திருந்தால் மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். மீதி ஆறு மாதமும் அவசரத்துக்குக் கட்டிய தண்டம்.

நான் திருப்பூர்க்காரி. ஆறு வருடம் இங்கே ஃபேஷன் ஸ்டைலிஸ்டாக இருந்தேன். பகலில் ஷூட், சாயங்காலம் ஏதாவது கடைத் திறப்பு, ராத்திரி இந்திராநகரிலோ சர்ச் ஸ்ட்ரீட்டிலோ யாராவது ஒருத்தரின் பிறந்தநாள். ஒருநாள், போதும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உங்களுக்கும் தோன்றியதால்தானே இதைப் படிக்கிறீர்கள். தோன்றிய வேகத்தில் நான் செய்த முதல் காரியம், பெட்டியைக் கட்டி வீட்டைக் காலி செய்தது. அட்வான்ஸ் பணம் அங்கே மாட்டிக்கொண்டது. அதை நம்பியிருந்த கார்டு பாக்கி வட்டி போட்டு வளர்ந்தது. கடைகளில் இரவல் வாங்கிய உடைகள் மூன்று பெட்டியில் சித்தி வீட்டு ஹாலில் கிடந்தன. சித்தப்பா அவற்றைத் தாண்டித்தான் டிவி போட வேண்டும்.

அந்த அடியில் கிடைத்த வரிசை இது. திரும்பி வர நாளாகிறவற்றை முதல் நாளே தொடங்குங்கள். காலி செய்வது, தூக்கிப் போடுவது, குரூப்பை விட்டு வெளியேறுவது மாதிரி உடனே நிம்மதி தரும் வேலைகள் எல்லாம் கடைசியில். கணக்குகள் என்னுடையவை, உங்கள் தொகை மாறும், வரிசை மாறாது.

1. வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள் (முதல் நாள்)

வீடு மாறப் போவதில்லை என்றால் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் இந்த வாழ்க்கையில் பெரிய செலவு பெரும்பாலும் வாடகைதான்.

இங்கே வழக்கமாக 11 மாத ஒப்பந்தம்தான் போடுவார்கள். அதில் நான்கு இடங்களைப் பாருங்கள்: லாக்-இன் காலம் (இதற்குள் காலி செய்யக் கூடாது என்ற காலம்) எப்போது முடிகிறது, நோட்டீஸ் ஒரு மாதமா இரண்டு மாதமா, பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும். கடைசி விஷயம் பல ஒப்பந்தங்களில் எழுதியே இருக்காது. என்னுடையதிலும் இல்லை.

அதைவிட முக்கியமானது, ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்பது. நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். மொத்த வாடகை 52,000. அட்வான்ஸ் நான்கு லட்சத்தில் என் பங்கு இரண்டு லட்சம். ஒப்பந்தத்தில் இருந்ததோ அறைத்தோழியின் பெயர் மட்டும். என் பணத்தை அவளுக்கு ஜிபே செய்திருந்தேன், குறிப்பில் ஒரு வீடு படமும் இதயம் படமும். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை நான் அந்த வீட்டில் இல்லவே இல்லை. அடுத்த ஆள் வந்தால்தான் பணம் என்று அவள் சொன்னாள். அவளிடமும் இல்லை, பாவம். ஐந்து மாதம் ஆனது.

உங்களுக்கும் இதே நிலைமை என்றால், இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "இந்தத் தேதியில் அட்வான்ஸுக்காக இவ்வளவு கொடுத்தேன், இந்தத் தேதியில் காலி செய்கிறேன், சரிதானே?" சரி என்று ஒரு வார்த்தை பதில் வந்தாலும் அது எழுத்து. நட்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால், நோட்டீஸை மெயிலில் அனுப்பி அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வீட்டிலேயே இருங்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் கீழே உள்ள மற்ற வேலைகள்.

2. மூன்று மாத ஸ்டேட்மென்ட் (இரண்டு சாயங்காலம்)

வங்கி, கார்டு, யுபிஐ மூன்றின் ஸ்டேட்மென்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். செலவுகளைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. எனக்கு அவை உதவவில்லை. ஒரு இரவைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் கணக்குப் போட்டதுதான் உதவியது.

நான் எடுத்தது ஒரு வியாழக்கிழமை. கெஸ்ட் லிஸ்டில் பெயர், உள்ளே போக இலவசம், பெண்களுக்கு டிரிங்க்ஸும் இலவசம். அதாவது ஓசி ராத்திரி. கேப் போக 260. முடி செட் செய்ய 700. வெளியே வந்து பசிக்கு மோமோ 240. ஒரு மணிக்குப் பப் மூடியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கேப் தேட, திரும்ப 540. ஓசிக்கு ஆன செலவு 1,740. உடை கணக்கில் இல்லை. மறுநாள் பத்து மணி ஷூட்டுக்குப் பதினொன்றுக்குப் போனதும் கணக்கில் இல்லை. மாதத்தில் இப்படி ஒன்பது ராத்திரி.

இந்தக் கணக்கை யாரிடமும் காட்ட வேண்டாம். தொகையை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்; நான்காம் படியில் தேவைப்படும்.

3. தானாகப் போகிற பணத்தை நிறுத்துங்கள் (ஒரு மணி நேரம்)

யுபிஐ செயலியில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். கார்டு செயலியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் அல்லது இ-மேண்டேட் என்றிருக்கும், அதாவது தானாகப் பணம் எடுக்க நாம் தந்த அனுமதி. இரண்டையும் திறந்து பாருங்கள். எனக்கு ஏழு இருந்தன. அதில் ஒன்று, நான் இரண்டே முறை போன ஜிம்முடையது.

செயலியை போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. மேண்டேட்டையே ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது வரத்தான் செய்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

முழு வருடத்துக்கும் பணம் கட்டிய ஜிம், சலூன் பேக்கேஜ் இருந்தால் மீதியை மெயிலில் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டோம் என்பார்கள். வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரச் சம்மதிப்பார்கள். நான் பாதி விலைக்கு மாற்றிவிட்டேன். ஒன்றுக்கும் ஒத்துவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

4. கிரெடிட் கார்டு

இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், ஏனென்றால் இந்த வாழ்க்கையை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தது இதுதான்.

என் பாக்கி 1,84,000. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், 9,200. மாதாமாதம் தவறாமல் கட்டினேன். நல்ல பிள்ளை என்று நினைப்பு. வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம், அதாவது 6,440. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,159. ஆக, நான் கட்டிய 9,200-இல் அசலுக்குப் போனது 1,601 ரூபாய். அதே மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு ஹீல்ஸ் வாங்கினேன். பாக்கி கூடியதே தவிரக் குறையவில்லை.

இதில் ஒரு பொறி. முழுத் தொகையைக் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள், 50 நாள் வட்டியில்லை என்கிற விளம்பரம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும். அதனால் பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் ஒரு காபிகூட வாங்காதீர்கள். செயலியிலேயே ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்து வைக்கலாம்.

அடைக்க மூன்று வழி. கையில் இருப்பதைக் கொண்டு மொத்தமாகக் கட்டுவது சிறந்தது. அது முடியாவிட்டால், பாக்கியை இஎம்ஐயாக மாற்றச் சொல்லலாம். பிராசசிங் கட்டணத்தையும் மொத்த வட்டியையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மூன்றாவது, வங்கியில் தனிநபர் கடன் வாங்கி அடைப்பது. கடன் வட்டி கார்டு வட்டியைவிட ரொம்பக் குறைவு என்பதால் கணக்கு சரியாக வரும். ஆனால் கார்டு பூஜ்யமானதும் கை அரிக்கும். கடனும் இருந்து கார்டும் மறுபடி நிரம்பியவர்களை எனக்குத் தெரியும். இரண்டாம் படியில் எழுதிய ராத்திரிக் கணக்கு இங்கே உதவும்: ஒன்பது ராத்திரியில் ஆறைக் குறைத்தால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. இஎம்ஐ அதற்குள் அடங்குகிற மாதிரி காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நகையை அடகு வைக்கலாமே என்று அம்மா சொன்னார். வைத்தேன், ஒரு செயினை. வெட்கம் ஒன்றும் இல்லை, வட்டி குறைவு.

"செட்டில்மென்ட் பண்ணிடலாம் மேடம், பாதி கட்டினா போதும்" என்று வசூல் ஆள் பேசினால் மயங்காதீர்கள். கிரெடிட் அறிக்கையில் அது 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். பின்னால் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முழுசாகக் கட்ட வழியே இல்லாதவர்களுக்குத்தான் அது.

பாக்கியை அடைத்ததும் கார்டை மூடச் சொல்லி எழுதுங்கள். முதலில் ரிவார்டு பாயின்ட்டுகளைப் பயன்படுத்திவிடுங்கள். பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. போனில் சொன்னால் "ஒரு சூப்பர் ஆஃபர் இருக்கு" என்று இழுப்பார்கள். மெயிலில் எழுதினால் தேதி நிற்கும். எல்லாவற்றையும் மூட வேண்டாம். ஆண்டுக் கட்டணம் இல்லாத, ரொம்பப் பழைய கார்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கு கிரெடிட் ஸ்கோருக்கு நல்லது.

வங்கிக்கு எழுதி 30 நாளாகியும் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் அதன் இணையதளத்திலேயே புகார் தரலாம், செலவில்லை.

மூடிய கார்டு அறிக்கையில் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கிரெடிட் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் வருடம் முழுக்கக் காசில்லாமல் பார்க்கலாம்.

5. இரவல் உடைகளும் வர வேண்டிய பணமும்

ஃபேஷன் வேலையில் இல்லாதவர்கள் ஆறாம் படிக்குப் போங்கள்.

ஸ்டைலிஸ்ட் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஷூட்டில் மாடல் போடுகிற உடை பெரும்பாலும் வாங்கியது கிடையாது. கடையிலிருந்தோ டிசைனரிடமிருந்தோ சலான் (எடுத்த பொருளுக்கான சீட்டு) போட்டு எடுத்துவந்து, விலைச்சீட்டு தெரியாமல் உள்ளே மடித்துக் குத்தி, செருப்பின் அடிப்பாகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, படம் எடுத்து, டேப்பை உரித்துத் திருப்பிக் கொடுப்போம். நடக்காத செருப்பு மாதிரி இருக்க வேண்டும். என் சித்தி வீட்டு ஹாலில் கிடந்த மூன்று பெட்டியில் பதினொரு ஜோடிச் செருப்பு அப்படி டேப்போடு கிடந்தது. ஒரு ஜோடியில் டேப் வெயிலில் உருகிப் பசை ஒட்டிக்கொண்டது. 6,400 ரூபாய் என் தலையில்.

வெளியேறும் முன் செய்ய வேண்டியது: ஒவ்வொரு சலானையும் எடுத்து, பொருளைத் திருப்பி, சலானின் மேலேயே "பெற்றுக்கொண்டோம்" என்று கடை முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். பிணையாகக் கடையில் கொடுத்த காசோலைகள் இருந்தால் அன்றே கேட்டு வாங்கிக் கிழியுங்கள். என் காசோலை ஒன்று ஒன்றரை வருடம் ஒரு கடையின் மேசை டிராயரில் இருந்தது. அவர்களுக்கே மறந்துவிட்டது; தேடி எடுக்க மூன்று நடை.

வர வேண்டிய பணம் தனிக் கதை. ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு 60 நாள், 90 நாள் என்று இழுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் சட்டம் உங்கள் பக்கம் வரும்: குறு, சிறு தொழில் செய்கிறவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள அரசுத் தளத்தில் புகார் போடலாம்.

இங்கேயும் இரண்டு பொறி. உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. தேடினால் முதலில் வருகிற பல தளங்கள் ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும். அவை அரசுத் தளங்கள் இல்லை. இன்னொன்று, வேலையைச் செய்து முடித்த பிறகு பதிவு செய்தால் அந்தப் பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது சந்தேகம். நான் தாமதமாகத்தான் பதிவு செய்தேன். இருந்தும் அடுத்த பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பியதும், பழைய பில்லும் சேர்ந்து வந்தது. பயமா, மரியாதையா, தெரியவில்லை.

அப்புறம் டிடிஎஸ், பணம் தரும்போதே பிடிக்கிற வரி. பெரும்பாலான பில்களில் பத்து சதவீதம் பிடித்திருப்பார்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் மொத்த வரியைவிடப் பிடித்தது அதிகமாக இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். எனக்கு 41,000 வந்தது. பிராண்டுகள் "கிஃப்ட்" என்று அனுப்பிய பைகளும் வாட்சும்கூட அதில் தலைகாட்டலாம்: 2022 ஜூலையிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படி வந்தால் அதற்கும் பத்து சதவீத டிடிஎஸ் உண்டு. இலவசம் என்று போட்டுக்கொண்டு திரிந்தது வருமானமாம்.

இன்ஸ்டாகிராம் கணக்கை ஆத்திரத்தில் அழிக்காதீர்கள். பணம் வாங்கிய போஸ்ட்டுகளை இத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம், பாருங்கள். முதலில் டேட்டாவை இறக்கி வையுங்கள், வேலை தேடும்போது அதுதான் போர்ட்ஃபோலியோ. அழிக்கச் சொன்னாலும் 30 நாள் கழித்துத்தான் போகும். அதற்குள் மனசு மாறிவிடும், எனக்கு மாறியது. தற்காலிகமாக முடக்கி வைப்பது போதும்.

6. அலமாரி (ஒரு ஞாயிறு, அப்புறம் ஒரு மாதம்)

எல்லாவற்றையும் கட்டில் மேல் கொட்டினேன். நூற்றிப் பன்னிரண்டு. அதில் பத்தொன்பதில் விலைச்சீட்டு தொங்கியது. அப்பா திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். ஒரு சட்டை கம்பெனியை விட்டு வெளியே போகும்போது என்ன விலை என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். தெரிந்தும் பத்து மடங்கு கொடுத்திருக்கிறேன்.

விலைச்சீட்டோடு இருப்பவை மட்டும் நல்ல விலைக்குப் போகும். போட்டவை, எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும், வாங்கிய விலையில் கால்பங்கு வந்தால் அதிர்ஷ்டம். இன்ஸ்டாகிராமில் பழைய துணி விற்கிற த்ரிஃப்ட் பக்கங்களிடம் கொடுத்தால் கமிஷன் போக விற்ற பிறகுதான் பணம். நேரே விற்றால் அளவு கேட்டு நாற்பது மெசேஜ் வரும். எனக்கு மொத்தம் 38,000 கிடைத்தது, ஒரு மாதம் ஆனது. சொந்தமாக உடுத்திய துணியை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நகைக்கு அந்தச் சலுகை கிடையாது, அதைக் கலந்து விற்காதீர்கள்.

நல்ல ஜரிகைப் பட்டுச் சேலையைப் பழைய துணியோடு சேர்க்காதீர்கள். ஜரிகையில் வெள்ளி இருந்தால் அதற்கென்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சிலவற்றை விற்க மனசு வராது. எனக்கு ஒரு சீக்குவின் கவுன், கடலைமிட்டாய்த் தாள் மாதிரி மின்னும். அல்சூரில் ஒரு தையல்காரரிடம் எடுத்துப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் போட்டு எங்கம்மா போவே?"

"இனிமே எங்கயும் போகலண்ணா. அதான் கொண்டு வந்தேன்."

இரண்டு ரவிக்கையும், சித்தி பெண்ணுக்கு ஒரு பாவாடையும் வந்தது. கூலி 1,900. சீக்குவின் தைத்தால் ஊசி உடையும் என்று கூடுதலாக வாங்கினார், நியாயம்தான்.

புதிதாக வாங்குகிறபோது ஒன்று நினைவில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு 2,500 ரூபாய் வரையிலான உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

7. குடியும் தூக்கமும்

வாரத்துக்கு இரண்டு முறை குடித்தவர்கள் நிறுத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. தினமும் அதிகமாகக் குடித்தவர்கள் ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. கைநடுக்கம், வியர்வை, குழப்பம், சிலருக்கு வலிப்புகூட வரும். முதல் சில நாட்கள் ரொம்ப ஆபத்தானவை. டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போக யோசனையாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை, தமிழிலும் பேசலாம்.

தூக்கம் எனக்கு மூன்று வாரம் வரவில்லை. இரண்டு மணி வரை விழித்துப் பழகிய உடம்பு. அந்த நேரத்தில்தான் ஆன்லைனில் எதையாவது வாங்கத் தோன்றும். போனை சமையலறையில் சார்ஜில் போட்டேன், வேறு வித்தை எதுவும் செய்யவில்லை.

8. வீட்டை ஒப்படைப்பது (கடைசி வாரம்)

இப்போதுதான் காலி செய்ய வேண்டும். சாமான் எடுத்ததும் காலி வீட்டை ஒரே வீடியோவாக எடுங்கள்: சுவர், குழாய், கீசர், அலமாரிக் கதவு, கடைசியாக மின் மீட்டரில் உள்ள எண். பெஸ்காமின் கடைசி மின்சார பில்லைக் கட்டி ரசீதை வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வாதாடிப் பயனில்லை. எழுதாததைப் பிடித்தால் பில் கேளுங்கள். எங்களுக்கு ஜன்னல் திரைக்கம்பிக்கு என்று 4,000 பிடித்தார்கள். பில் கேட்டதும் அது 1,200 ஆனது.

சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாற வேண்டும். "சாவியைக் கொடுங்க, பத்து நாள்ல போட்டுடறேன்" என்பதற்கு "பரவால்ல சார், பணம் போட்டதும் சாவி தரேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அவ்வளவு தைரியம் வராவிட்டால், என்று எவ்வளவு தருகிறார் என்பதையாவது எழுதி வாங்குங்கள்.

புது இடத்துக்கு மினி டெம்போவும் இரண்டு ஆட்களும் 5,500 ஆனது. பழைய பங்கு 26,000. இப்போது அல்சூரில் தனியாக ஒரு சின்ன வீட்டுக்கு 16,000. மாடிப்படி குறுகல், பீரோவைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடி வழியாகக் கயிறு கட்டி இறக்கினோம்.

9. முகவரி மாற்றம்

பெண்களுக்கு இது முக்கியம். 2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம், சக்தி திட்டம். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். திருப்பூர் முகவரி ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார், ஏசி வஜ்ராவில் எப்படியும் கிழிப்பார். ஆறு வருடம் கேபிலேயே திரிந்ததால் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆதாரில் முகவரியை ஆன்லைனிலேயே மாற்றலாம், கட்டணம் நூறு ரூபாய்க்குள். எந்த ஆவணம் செல்லும் என்ற பட்டியலை முதலில் பாருங்கள். வெறும் நோட்டரி ஒப்பந்தத்தை வைத்து நான் போட்டது தள்ளுபடியானது. மாற்றும் முன் ஊரில் ரேஷன் கார்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்தது. ஆதார் மாறியதும் வங்கி, பான் இரண்டிலும் மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் கடிதங்கள் பழைய வீட்டுக்குப் போகும்.

10. ஆட்கள்

இதற்கு ஆவணம் இல்லை. விளக்கம் சொல்லாதீர்கள், சொன்னால் விவாதம் ஆகிவிடும். "இந்த வாரம் இல்லப்பா" என்று நான்கு வாரம் சொன்னால் ஐந்தாவது வாரம் கூப்பிட மாட்டார்கள். கெஸ்ட் லிஸ்ட் அனுப்புகிற ப்ரமோட்டர்கள் ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறார்கள், கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பகல் சாப்பாட்டுக்கு, கப்பன் பார்க் நடைக்கு என்று கூப்பிட்டுப் பாருங்கள். என் பட்டியலில் முந்நூறு பேர் இருந்தார்கள். பகலில் வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி, அட்வான்ஸ் தராமல் இழுத்த அதே அறைத்தோழி.

அவர்களோடு வெளியே சாப்பிடும்போது பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயம் இல்லை என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. முன்பெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

சாயங்காலம் காலியாக இருக்கும். ஏழிலிருந்து பத்துவரை என்ன செய்வது என்று தெரியாமல் முதல் இரண்டு வாரம் அல்சூர் ஏரியைச் சுற்றினேன். திருவள்ளுவர் சிலை அருகில்தான், தமிழ்ச் சங்கமும் பக்கம்தான், அங்கே நூலகம் இருக்கிறது.

முதல் டிசம்பர் 31 மட்டும் கடினம். எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு முழுக்கக் கூட்டம், பழைய குரூப்பில் பாஸ் இருக்கிறது என்று ராத்திரி எட்டு மணி வரை மெசேஜ் வரும். அன்றைக்குப் பெங்களூருவில் இருக்காதீர்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 30 ராத்திரி கிளம்பும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸுக்கு அக்டோபர் 31 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். திருப்பூருக்கு ஸ்லீப்பர் பத்தே நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். பயணிகள் விவரத்தை முந்தின நாளே செயலியில் ஏற்றி வையுங்கள்.